சீலா எங்களோடு இருந்த நான்கு வருடம்

அம்மாவின் ரவிக்கையில் அந்த மாதம் இரண்டு வாசனைகள் இருந்தன. ஒன்று, வருடக்கணக்காகப் பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடுப்பளவு புதைந்து நின்று கொழுந்து பறித்ததால் துணியோடு ஒட்டிப்போன பச்சை வாசனை. எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரிடமும் அது இருந்தது, எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இன்னொன்று, குடிக்கப் பிள்ளை இல்லாமல் கசிந்து, துணியிலேயே உலர்ந்து, லேசாகப் புளித்துப்போன தாய்ப்பாலின் வாசனை. எனக்கு அப்போது ஏழு வயது. எனக்குப் பிறகு பிறந்த ஆண்பிள்ளை ஐந்தே நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. ஆனால் அம்மாவின் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பால் சுரந்துகொண்டே இருந்தது. காலையில் குளியலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருவாள். வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

கேமரன் மலையில், தானா ராத்தாவில் பேருந்திலிருந்து இறங்கி மண்சாலையில் வெகுதூரம் நடந்தால் வரும் பள்ளத்தாக்கில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருந்தது. பன்னிரண்டு கதவுகள் வரிசையாக நிற்கும் ஒரு "லயம்". அதில் கடைசிக் கதவு எங்களுடையது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திரிங்காப்பில் ஆ செங் என்ற சீனரின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குக் கைவேலைக்குப் போவார். அப்படிப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்கப் போகாமல், மண் ஒட்டிய கால்களோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அங்க ஒரு பச்சப்புள்ள காலையிலேருந்து கத்திக்கிட்டே இருக்கு லா. காதுல இன்னும் கேக்குது" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். 

"ஆ செங் சம்சாரத்துக்கு நெஞ்சுல சீக்கு. புள்ள பக்கத்துலயே இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. டின் பால் ஒத்துக்கல. குடிச்சதெல்லாம் வாந்தி."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எத்தன நாள் புள்ள?"

"ஒரு மாசம் இருக்கும்."

"பொம்பளப் புள்ளையா?"

"ம்."

அம்மா எழுந்து கையைக் கழுவினாள். வெங்காய வாசனை போக மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள். "நாளைக்கே கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மாலை ஆ செங்கின் பழைய லேண்ட்ரோவர் எங்கள் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. கோஸ் இலைகள் ஒட்டிக்கிடந்த அந்த வண்டியிலிருந்து, துண்டில் சுற்றிய பிள்ளையை ஒரு கூடையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் எட்டப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். மலைமேல் தமிழர்களோடு வேலை செய்து பழகியதால் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். மிச்சத்துக்குச் சந்தையில் பேசும் "பாசார்" மலாய். வாசலில் நின்று, "தங்கச்சி... தோலோங்" என்றார். உதவி செய் என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அழுகை நின்றது. அவ்வளவு நேரம் மலையெல்லாம் கேட்ட அழுகை ஒரேயடியாக நின்றதும், வெளியே நின்ற ஆ செங் பயந்துபோய் அப்பாவின் முகத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா சிரித்து, "குடிக்குது, குடிக்குது" என்றார்.

பிள்ளையின் பெயர் சியூ லான். அம்மாவின் நாக்குக்கு அது பிடிபடவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு "சீலா" என்று வைத்துக்கொண்டாள்.

லயம் சும்மா இருக்குமா? அடுத்த கதவு கண்ணம்மா அக்கா நல்லவள்தான், அம்மா பிரசவத்தில் கிடந்தபோது எங்களுக்குச் சோறாக்கிப் போட்டவள். அவளே ஒருநாள், குழாயடியில் துணி அலசிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்குப் புள்ள போன எடத்துல இத வச்சு அடைக்கப் பாக்குற. இது நம்ம புள்ள இல்லடி. நாளைக்கு அவங்க ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்ப நீ என்ன பண்ணுவ?"

"போனா போகட்டும்க்கா" என்றாள் அம்மா. "இப்பப் பசிக்குதுல்ல அதுக்கு."

அந்தப் பதிலில் எந்தப் பெருமையும் இல்லை. மழை வருகிறது, துணியை எடு என்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது வளர்ந்துகொண்டே போனது. தாய்க்காரிக்குச் சரியானதுபோல இருந்து மறுபடியும் சீக்கு வந்ததாம். பிறகு, மலைக்குளிர் ஆகாது என்று கீழே சொந்தக்காரர்களோடு தங்கவைத்திருப்பதாகச் சொன்னார்கள். சீலா தவழ்ந்தாள், நடந்தாள், எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகத் தமிழ் பேசினாள். காலையில் "பெரட்டு"க்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அம்மா போகும்போது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் "ஆயாக் கொட்டாயில்" விட்டுவிட்டு, பத்து மணிக்குக் கூடையை இறக்கிவைத்த கையோடு பால் கொடுக்க ஓடி வருவாள். வெள்ளைவெளேரென்று, கண் சிறுத்து, நெற்றி நிறையச் சாந்துப்பொட்டோடு அந்தப் பிள்ளை கொட்டாய் வாசலில் நிற்பதை, சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கு ரசமும் சுட்ட கருவாடும் இல்லாமல் சோறு இறங்காது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் படுப்பாள். என்னை "தேவிக்கா" என்று அழைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும் வழியில் பாதி தூரம் வந்து, செருப்பில்லாத காலோடு ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டு, என்னைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் திரும்பி முன்னால் நடப்பாள், தான் வந்தது எனக்காக இல்லை என்பதுபோல.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆ செங் வருவார். கோஸ், கீரை, சில நாள் தக்காளி என்று ஒரு கூடை "சாயூர்" இறங்கும். சீலா அவரைக் கண்டாலே அம்மாவின் கைலிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அம்மா விடமாட்டாள். "ஒங்கப்பாடி. போ, போய்க் கைய புடிச்சுக்க" என்று தள்ளிவிடுவாள். அவளைத் தன் பிள்ளை இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஆனால் தூங்கவைக்கும்போது, "ஈப்போவுல ஒனக்கு இன்னொரு அம்மா இருக்காங்க. மருந்து சாப்புட்டுக்கிட்டு இருக்காங்க. நல்லானதும் வருவாங்க" என்று ஒரு கதைபோலச் சொல்லிவைத்தாள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அது கதையாகவே இருந்துவிட வேண்டும் என்று மாரியம்மன் கோவிலில் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தாய் நலமாகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளை நான். இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எனக்குப் பதினோரு வயது ஆனபோது சீலாவின் தாய் நலமானாள்.

ஆ செங் வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, அடுத்த மாதம் தன் மனைவி மலைக்கு வருகிறாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொன்னார்.  அம்மா கேட்டது ஒன்றுதான். "அண்ணே, அவங்களுக்கு இருமல் நல்லா நின்னுருச்சா?"

நின்றுவிட்டது என்றார்.

அதற்குப் பிறகு வந்த அந்த ஒரு மாதத்தைத்தான் நான் அம்மாவை வெறுத்த மாதம் என்று சொல்வேன். அன்றிரவே சீலாவைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து எனக்கு அந்தப் பக்கம் படுக்கவைத்தாள். சீலா அழுதாள், அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து ரசம் இல்லை. ஆ செங்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, காரமில்லாத கஞ்சி காய்ச்சி, கீரையை வெறும் பூண்டு போட்டு வதக்கி, அதைச் சாப்பிடப் பழக்கினாள். சீலா தட்டைத் தள்ளிவிட்டால், வேறு எதுவும் கொடுக்காமல் அவள் பசித்துத் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு "அம்மா" என்று ஓடிவந்தால், தூக்கிக்கொள்ளாமல், "ஒன்னுமில்ல, எந்திரிச்சு வா" என்று இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆ செங்கின் லேண்ட்ரோவரில் பகலில் ஏற்றி அனுப்பி, அங்கே ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று விட்டுவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அவளும் திரிங்காப்புக்குப் போய், அந்த வீட்டு அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, வாளி எங்கே என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டு வந்தாள்.

"நீ கெட்ட அம்மா" என்று ஒருநாள் நேராகவே சொன்னேன். "அதுக்கு என்னம்மா தெரியும்? ஏன் இப்படிப் பண்ணுற?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே, "அங்க போய் நாலு நாள் அழுவுறதுக்குப் பதிலா, இங்கயே கொஞ்சம் கொஞ்சமா அழுதுட்டுப் போகட்டும்" என்றாள்.

அழைத்துப்போகிற நாள் வந்தது. காலை சாப்பாடு முடிந்ததும் நான் சீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பூப்பறிக்கப் போவோம் என்று சொல்லி, லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறிவிட்டேன். கவாத்து செய்யாமல் விட்ட பழைய தேயிலை அங்கே ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொண்டோம். கீழே லேண்ட்ரோவர் வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடும் சத்தம் இரண்டு முறை கேட்டது. சீலாவுக்கு இது விளையாட்டு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கண்ணம்மா அக்கா கூப்பிட்டாள். நான் அசையவில்லை. இவர்கள் களைத்துப்போய், வந்தவர்கள் திரும்பிப்போய், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா கூப்பிடாமல் வந்தாள். நேராக அந்தப் புதருக்கு வந்தாள். எங்கே இருப்போம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடிப்பாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மூச்சு வாங்க அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"தேவி, அவங்க வீட்டுக்குள்ள வரமாட்டேங்குறாங்கடி. முக்காலி எடுத்துப் போட்டேன், உக்காரவும் மாட்டேங்குறாங்க. வாசல்லயே நிக்குறாங்க" என்றாள். பிறகு, "நாலு வருசமா நின்னுக்கிட்டுத்தான இருக்காங்க" என்றாள்.

நான் சீலாவின் கையை விட்டேன்.

கீழே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் நினைத்திருந்ததுபோல அரக்கி இல்லை. கழுத்தெலும்பு தெரிய, பெரியவர் யாருடைய சட்டையையோ போட்டதுபோல, ஒரு பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அம்மா சீலாவைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்: குளிர்ந்தால் முழங்கை மடிப்பில் சொறி வரும், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், தூக்கத்தில் ஒருமுறை எழுந்து தண்ணீர் கேட்பாள், கொடுத்தால் தூங்கிவிடுவாள், பூனைக்குப் பயம், இடது காதில் சீழ் வந்திருக்கிறது, குளிக்கும்போது தண்ணீர் போகக் கூடாது. அந்தப் பெண் தலையை ஆட்டவும் இல்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீலா அலறத் தொடங்கியதும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். "அம்மா, அம்மா" என்ற அந்தச் சத்தம், மண்சாலையின் மூன்று வளைவுகள்வரை வந்துகொண்டிருந்தது. அம்மா உள்ளே போய், கழுவிவைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள். மறுநாள் பெரட்டுக்கு வழக்கமான நேரத்தில் போனாள்.

இரண்டு வாரம் பொறுத்திருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்த்துவர அம்மா போனாள். அதற்கு அடுத்த ஞாயிறு ஆ செங் வந்தார். முகத்தைத் தூக்க முடியாமல் சொன்னார்: தங்கச்சி வந்துபோன பிறகு பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை, தாயைக் கிட்டே சேர்க்கவில்லை, கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று மனைவி சொல்லச் சொன்னாள்.

அப்பா கத்திவிட்டார். அப்பா கத்தி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "நாலு வருசம் அவ ரத்தத்தப் பாலாக் குடுத்து வளத்தா. எட்டிப் பாக்கக் கூடாதா? என்ன மனுசங்க லா நீங்க?"

"ஏங்க, விடுங்க" என்றாள் அம்மா. ஆ செங்கிடம் திரும்பி, "ஒங்க வீட்டு அக்கா சொல்றது சரிதான். நான் வரலன்னு சொல்லிருங்க" என்றாள். கொஞ்ச நாள் என்று அவர்கள் சொன்னதை அம்மா எப்படிப் புரிந்துகொண்டாளோ, அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் போகவே இல்லை. அடுத்த வருடம் ஆ செங் கோலா தெர்லா பக்கம் வேறு நிலம் பார்த்துக் குடும்பத்தோடு போய்விட்டார். எப்போதாவது தானா ராத்தா சந்தையில் அப்பாவைப் பார்த்தால், பிள்ளை நன்றாக இருக்கிறது என்பார். அப்பா அதை வீட்டில் வந்து சொல்வார். அம்மா கேட்டுக்கொள்வாள். எங்களுக்குத் தம்பி பிறந்தான். கணேசன் என்று பெயர் வைத்தோம். வீட்டில் மறுபடியும் பால் வாசனை வந்தது.

அவன் பிறந்த வருடப் புரட்டாசியில் எங்கள் தோட்டத்துக் கோவிலில் கண்ணன் கதை சொல்ல ஈப்போவிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், மூன்றாவது வாரம், கண்ணனை மதுராவுக்குக் கூட்டிப்போகத் தேர் வந்து நிற்கும் இடத்துக்கு வந்தார். பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. வெண்ணெய் ஊட்டியதும் கட்டிப்போட்டதும் யசோதை. ஆனால் தேர் கிளம்பியதும் அவள் கதை முடிந்துவிடுகிறது என்றார். பலனை எதிர்பார்க்காமல் செய் என்று கண்ணன் பிற்பாடு அர்ச்சுனனுக்குச் சொன்னானே, அதை அவன் யாரிடம் கற்றான் தெரியுமா, ஆயர்பாடியில் வாசலில் நின்ற அந்த அம்மாவிடம் என்றார். பெண்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா துடைக்கவில்லை. கணேசனை மடியில் போட்டுக்கொண்டு, வழி கேட்பவள்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, ஆண்கள் கூட்டத்தில் வாயே திறக்காத அம்மா நேராக அவரிடம் போனாள்.

"ஐயா, அதுக்கப்புறம் அவங்க அந்தப் புள்ளயப் பாக்கவே இல்லையா?"

அவருக்கு யாரைச் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமானது. "யசோதையா? ஒருமுறை பார்த்தாள் என்று சொல்வார்கள் அம்மா. வெகுகாலம் கழித்து, குருச்சேத்திரத்தில் கிரகணத்துக்கு எல்லாரும் நீராட வந்தபோது, அந்தக் கூட்டத்தில்."

"அதுக்கு இவங்கள அடையாளம் தெரிஞ்சிச்சா?"

அவர் சிரித்தார். "சாமிக்குத் தெரியாமல் இருக்குமா?"

"சாமிக்குத் தெரியும்" என்று அம்மா ஒப்புக்கொண்டாள். அதற்குமேல் கேட்காமல் வந்துவிட்டாள்.

லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "எதிர்பார்க்காம இருக்கணும்னு அவர் லேசாச் சொல்லிட்டாரு. எதிர்பார்ப்பு வருதே. ஒவ்வொரு லேண்ட்ரோவர் சத்தத்துக்கும் வருது. வந்தா என்ன பண்றது?"

அப்பா, "தெரியலயே" என்றார்.

கொஞ்சதூரம் நடந்த பிறகு அம்மாவே சொன்னாள். "வந்தா வந்துட்டுப் போகட்டும். அதப் போய் அவங்க வீட்டு வாசல்ல எறக்கி வைக்காம இருந்தா போதும்."

நான் எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறேன்; பற்றறுத்தல் என்ற சொல்லை மேடைகளில் எத்தனையோ பேர் விளக்கியிருக்கிறார்கள். ஆசை இல்லாதவர்களுக்குத்தான் அது கைகூடும் என்பதுபோலவே அவர்கள் பேசுவார்கள். எனக்கு மட்டும், கையில் சுண்டல் பொட்டலத்தோடு, தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆசையை வைத்துக்கொண்டே அதைக் கொண்டுபோய் யார்மேலும் சுமத்தாமல் நடந்த ஒருத்திதான் நினைவுக்கு வருவாள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஈப்போவில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோலா தெர்லாவில் அப்பாவின் நண்பர் வீட்டில் ஒரு காதுகுத்து. அப்பாவுக்கு வேலை இருந்ததால் நானும் அம்மாவும் போனோம். திரும்பும்போது பேருந்துக்கு நேரமிருந்தது. சாலையோரம் காய்கறியும் பூவும் விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையில், வாளி வாளியாக நிறுத்திவைத்த சாமந்திக்கு நடுவில், குதிரைவால் சடையோடு ஒரு சீனப் பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் ஆ செங்கின் மனைவி உட்கார்ந்து தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு முன்பே புரிந்திருந்தது.

"மக்சிக், பூ வேணுமா?" என்று அந்தப் பிள்ளை மலாயில் கேட்டாள். வழியில் போகிற எந்தப் பெரிய மனுஷியையும் அத்தை என்று கூப்பிட்டுக் கேட்பதுபோலக் கேட்டாள்.

கத்தரிக்கோல் நின்றது. ஆ செங்கின் மனைவி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபமில்லை, பயம். பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம். நான் அம்மாவின் கையைக் கிள்ளி, "சொல்லும்மா, சொல்லு" என்று தமிழில் சொன்னேன். சீலா என்னைப் பார்த்தாள். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை.

அம்மா மஞ்சள் சாமந்தி ஒரு கட்டு காட்டினாள். சீலா அதை எடுத்து, ஈரத்தை உதறி, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தாள். வாங்கும்போது அம்மா அவள் முழங்கையைப் பார்த்ததை நான் கவனித்தேன். சொறி இல்லை. "தெரிமா காசி, சாயாங்" என்று சொன்னாள். மலாயில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லும்போது சேர்த்துக்கொள்கிற செல்லச்சொல் அது. பிள்ளை சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். கோழை என்றேன். அம்மா பூக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேருந்து வரும் வழியைப் பார்த்து நின்றாள். அப்போது, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஆ செங்கின் மனைவி ஓடி வந்தாள். வந்து நின்று, மூச்சு வாங்கி, எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வாசலில் திறக்காத வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதாக வருகிறாள், கணக்கு நன்றாக வரும் என்றாள். போன வருடம் கடுமையான காய்ச்சல் வந்தது, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தோம், இப்போது ஒன்றுமில்லை என்றாள். காதில் சீழ் வருவதில்லை என்றாள். காரம் தின்பாள், எங்கள் வீட்டில் வேறு யாரும் தின்பதில்லை, இவள் மட்டும் மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு தின்பாள் என்றாள். போன மாதம் வயதுக்கு வந்துவிட்டாள் என்பதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வெளியூரிலிருந்து திரும்பிய ஒருத்தியிடம் அவள் பிள்ளையை ஒப்படைக்கும்போது எப்படி எல்லாவற்றையும் சொல்வோமோ, அப்படிச் சொன்னாள். பேருந்து வந்து நின்று, ஓட்டுநர் ஹாரன் அடிக்கும்வரை சொன்னாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டாள். ஏறும்போது இருவரும் ஒருவர் கையை ஒருவர் ஒருமுறை பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அந்த வழியாகப் போனால் அந்தக் கடை இருக்கும் என்று அம்மாவுக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

இதெல்லாம் நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய நீளமான தகரக் கூரைக் கட்டடம் நிற்கிறது. ஆயாக் கொட்டாயில் இலை வெட்டும் இயந்திரங்களை நிறுத்திவைக்கிறார்கள். கூடை சுமந்து கொழுந்து பறித்த தலைமுறையில் கண்ணம்மா அக்கா போய்விட்டாள், அப்பா போய்விட்டார். திரிங்காப் மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை வெள்ளைத்துணி உலர்த்தியிருப்பதுபோல இருக்கிறது. ஆ செங் குடும்பம் நிலத்தை விட்டுவிட்டுப் போய் வெகுநாளாகிறது. சீலா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா தானா ராத்தாவில் கணேசனோடு இருக்கிறாள். நான் ஈப்போவில். இரண்டு மணி நேரப் பயணம்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவேன், நடுவில் எப்போதாவது. வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவோம். எப்போது வருகிறாய் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்டதில்லை. அவளுக்கு அதில் குறையில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளைக்கு அந்த வசதி உண்டு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மூன்று நாள் விடுப்பில் போயிருந்தபோது, திரும்புவதற்கு முந்திய மாலை, அவளுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே சும்மா கேட்டேன். "அம்மா, நான் அடிக்கடி வரணும்னு ஒனக்குத் தோணுமா?"

"தோணாம இருக்குமா?" என்றாள்.

"அப்பச் சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

"வந்திருப்ப. தெரியும்" என்றாள் அம்மா. "அதான் சொல்லல."

நான் அவள் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி இறங்கிச் சாலை விளக்குகள் மங்கின. கணேசன் வந்து, நாளைக்குப் பேருந்து எத்தனை மணிக்கு, கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மேலும் நான்கு நாள் விடுப்புக் கேட்டு மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பினேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. காலைச் சற்று நீட்டி, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.